கரிக்குள் ஏழு கபடிக் களங்கள்

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குக் கரி புதிதல்ல. சீமைக்கருவேல மரத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுப்பது விருதுநகர் மாவட்டத்தில் அன்றாடக் காட்சி. சிவகாசிப் பட்டாசின் கருமருந்தில் வெடியுப்போடும் கந்தகத்தோடும் சேர்வதும் கரிதான். ஆனால், அதே கரி தண்ணீரில் கலந்த சாயத்தையும் நாற்றத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று மல்லாங்கிணறு வகுப்பறையில் சொன்னால், “எப்படி சார்?” என்ற கேள்வி உடனே வருகிறது. இந்தக் கேள்விக்கு ஒவ்வொரு வகுப்புக்கும் ஏற்ற விடை உண்டு. நான் கற்பிக்கும் முறையை இங்கே பகிர்கிறேன்.

உறிஞ்சுதல் வேறு, பரப்புக் கவர்தல் வேறு

பஞ்சு தண்ணீரை உறிஞ்சும்போது தண்ணீர் பஞ்சு முழுவதும் பரவுகிறது. கரி அப்படிச் செய்வதில்லை. சாய மூலக்கூறுகள் கரியின் பரப்பில் மட்டும் ஒட்டிக்கொள்கின்றன. மேல்நிலை வகுப்பில் ‘பரப்புக் கவர்தல்’ என்று நாம் நடத்துவது இதைத்தான். சாயம், பூச்சிக்கொல்லி, எண்ணெய் போன்ற கரிமப் பொருள்கள் பலவும் நீரோடு எளிதில் ஒட்டாதவை. கரியின் பரப்பு அவற்றுக்கு இணக்கமானது. அதனால் நீரை விட்டுக் கரியில் போய் ஒட்டுகின்றன.

பரப்பு கூடுவது எப்படி?

ஒரு செ.மீ. பக்க அளவுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர செ.மீ. அதை ஒரு மி.மீ. கனசதுரங்களாக வெட்டினால் 1000 துண்டுகள் கிடைக்கும்; மொத்தப் பரப்பு 60 சதுர செ.மீ. ஆகிவிடும். பொருள் அதேதான், பரப்பு மட்டும் பத்து மடங்கு. உருளைக்கிழங்கை வெட்டிக் காட்டித் தொடங்கினால், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளே மீதிக் கணக்கைப் போட்டுவிடுவார்கள்.

கரி இதைத் துளைகளால் சாதிக்கிறது. தேங்காய்ச் சிரட்டையைக் காற்று குறைவாகச் சேரும்படி சுட்டுக் கரியாக்கி, 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அதன் மீது நீராவியைச் செலுத்துகிறார்கள். கரியின் ஒரு பகுதி வாயுவாகி வெளியேறுகிறது. அது விட்டுச்செல்லும் இடமே நுண்துளை. பல துளைகளின் அகலம் 2 நானோமீட்டருக்கும் குறைவு. இப்படிக் கிளர்வூட்டிய கரியின் ஒரு கிராமில் ஏறக்குறைய 1000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட கபடிக் களத்தின் பரப்பு 130 சதுர மீட்டர். ஆக, ஒரு சிட்டிகைக் கரிக்குள் ஏழுக்கும் மேற்பட்ட கபடிக் களங்கள்!

வகுப்பறைச் சோதனை

மூன்று கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டில் தண்ணீரும் சில சொட்டு நீல மையும். மூன்றாவதில் உப்புக் கரைசல். கரியை நன்கு பொடித்து, பலமுறை கழுவிச் சாம்பலை நீக்குங்கள். முதல் புட்டியில் எதுவும் போட வேண்டாம், அது ஒப்பிடுவதற்கு. மற்ற இரண்டிலும் கரித்தூள் போட்டுக் குலுக்கி, மறுநாள் வடிதாளில் வடிகட்டுங்கள். மை நீரின் நிறம் குறைந்திருக்கும். வடிகட்டிய உப்பு நீரைத் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். நீர் வற்றியதும் உப்பு அப்படியே படிந்திருக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள்: சாதாரண விறகுக்கரியை மட்டுமே பயன்படுத்துங்கள், பட்டாசு வேலைக்கான கரித்தூள் எதுவும் வகுப்பறைக்குள் வரக்கூடாது. வடிகட்டிய நீரை யாரும் சுவைத்துப் பார்க்கக்கூடாது.

தெளிந்த நீர் எல்லாம் நல்ல நீரா?

இந்தப் பாடத்தின் உயிர்நாடி இதுதான். நிறம் போனதும் “குடிக்கலாமா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூடாது. கரைந்த உப்பைக் கரி பிடிப்பதில்லை. கிருமிகளை நம்பத்தக்க அளவில் நீக்குவதுமில்லை. தேத்தாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைப்பது நம் பழைய வழக்கம். அங்கே நடப்பது வேறு: மண் துகள்கள் ஒன்றுசேர்ந்து அடியில் படிகின்றன. கலங்கலுக்கு ஒரு வழி, சாயத்துக்கு ஒரு வழி, உப்புக்கு ஒரு வழி, கிருமிக்கு ஒரு வழி.

இதற்குத் திருப்பூரைச் சான்றாகக் காட்டலாம். சாயக்கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. நிறம் மட்டுமல்ல, சாயமேற்றப் பயன்படுத்திய உப்பும் விளைநிலங்களைக் கெடுத்தது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியேற்றாமல் மீண்டும் பயன்படுத்தும் முறையில், நிறத்தை நீக்கிய பிறகு உப்பைப் பிரிக்க எதிர்ச்சவ்வூடுபரவல் தேவைப்படுகிறது.

மை எங்கே போனது?

மை அழியவில்லை, கரியில் இருக்கிறது. சோதனைக் கரியிலேயே மீண்டும் மீண்டும் மை நீரை ஊற்றச் சொல்லுங்கள். ஒரு கட்டத்தில் நிறம் குறையாது. இடம் நிரம்பிவிட்டது. வீட்டுக் குடிநீர்க் கருவியின் கரி வடிகட்டியைக் குறித்த காலத்தில் மாற்றச் சொல்வது இதனால்தான். ஆலைகளில் நிரம்பிய கரியைச் சூடேற்றி மீட்கிறார்கள். இல்லையெனில் அதுவும் பத்திரமாக அகற்றவேண்டிய கழிவே.

கரி சாயத்தை நீக்குவதை 1785-இல் ரஷ்யாவில் லோவிட்ஸ் கண்டறிந்தார். துளைகளை விரும்பிய அளவில் வடிவமைக்க உதவும் உலோக–கரிமக் கட்டமைப்புகளுக்காக கிடகாவா, ராப்சன், யாகி மூவரும் 2025-இன் வேதியியல் நோபல் பரிசைப் பெற்றனர். அவற்றுள் சிலவற்றின் பரப்பு ஒரு கிராமுக்கு 7000 சதுர மீட்டரைத் தொடுகிறது.

சோதனை முடிந்ததும் மூன்று கேள்விகளைக் கரும்பலகையில் எழுதுங்கள்: நீரிலிருந்து எது போனது? எது போகவில்லை? போனது இப்போது எங்கே இருக்கிறது? குடிநீர்க் கருவி விளம்பரத்தைப் பார்க்கும்போதும் ஊர் ஓடையின் நிறம் மாறும்போதும் பிள்ளைகள் இந்த மூன்றையும் கேட்கத் தொடங்கினால், பாடம் நடந்துவிட்டது என்று பொருள்.