ஆடிக்காற்றுக்கு வலது, ஐப்பசிக்கு இடது! மதுரை விமானத்தில் எந்த ஜன்னல் சீட் பெஸ்ட்?

``ரெக்கையைப் பார்க்கவா இம்புட்டுத் துட்டு குடுத்தே?"

முதன்முறையாக விமானம் ஏறிய என் அம்மா, சென்னையில் இறங்கியதும் கேட்ட கேள்வி இது. 70 வயது. வாழ்க்கை முழுக்க கோரிப்பாளையம். மேலேயிருந்து ஊரைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஜன்னல் சீட்தான் வாங்கியிருந்தேன். ஆனால், 14-வது வரிசை. ஜன்னல் முழுக்க இறக்கை!

அடுத்த பயணத்துக்கு முன் கொஞ்சம் விசாரித்தேன். அப்போது புரிந்தது, ஜன்னல் சீட் என்றால் எல்லாமே ஒன்றல்ல.

காற்றைக் கேளுங்கள்

விமானம் பொதுவாகக் காற்றை எதிர்த்தே ஏறும், இறங்கும். மதுரை விமான நிலைய ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. ஊரோ அதற்கு வடக்கே. ஆகவே மேற்கு நோக்கிப் போனால் ஊர் வலப்பக்கம்; கிழக்கு நோக்கிப் போனால் இடப்பக்கம்.

ஆனி முதல் ஆவணி வரை மேல்காற்று வீசும். விமானம் பெரும்பாலும் மேற்கு நோக்கி ஏறும். அப்போது வலது ஜன்னல், அதாவது `எஃப்' சீட். ஐப்பசி முதல் தை வரை வடகிழக்குப் பருவக்காற்று. அப்போது இடது ஜன்னல், `ஏ' சீட். சென்னை செல்லும் விமானம் ஏறியதும் வடக்கே திரும்பும்போது, அந்தப் பக்கம்தான் சாய்ந்து ஊரைக் காட்டும். மதுரையில் இறங்கும்போதும் இதே கணக்குதான். சித்திரை, வைகாசியில் இப்படி அறுதியிட்டுச் சொல்ல முடியாது. மற்ற மாதங்களிலும் அன்றைய காற்றைப் பொறுத்துத் திசை மாறலாம்.

வரிசை முக்கியம்

ஏர்பஸ் 320 போன்ற விமானங்களில் சுமார் 10 முதல் 20 வரையிலான வரிசைகளில் இறக்கை தரையை மறைக்கும். அதற்கு முன்னால் கிடைத்தால் சிறப்பு. இல்லாவிட்டால் கடைசி வரிசைகள். சிறிய ஏ.டி.ஆர் விமானத்தில் இறக்கை ஜன்னலுக்கு மேலே இருப்பதால், கீழே தடையில்லாமல் தெரியும். தாழ்வாகவும் பறக்கும். ஆனால், முன்பகுதியில் இன்ஜின் மறைக்கும், பின்வரிசைகளைக் கேளுங்கள்.

சீட்டுக்குத் தனிக் கட்டணம் உண்டா என்று டிக்கெட் போடும்போதே பார்த்துவிடுங்கள். எமர்ஜென்சி கதவு அருகே கால் நீட்ட இடம் இருந்தாலும், முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே அனுமதி இல்லை. பெரியவர்களை ஜன்னலோரம் உட்காரவைத்து, பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள். நடுவில் எழுந்து போக வேண்டியிருந்தால் உதவியாக இருக்கும்.

எதைத் தேடுவது?

ஏறியதும் சில நிமிடங்கள்தான் ஊர் தெரியும். அதற்குள் போனைத் தேடினால் மதுரை போய்விடும். முதலில் திருப்பரங்குன்றம் மலை. பிறகு மீனாட்சி அம்மன் கோயில் கோபுரங்கள், அவற்றைச் சுற்றிச் சதுரம் சதுரமாக ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி வீதிகள். கிழக்கே, நடுவில் மண்டபத்துடன் திருமலை நாயக்கர் வெட்டிய தெப்பக்குளம். வடகிழக்கே படுத்திருக்கும் யானைமலை. மழைக்காலம் முடிந்த கையோடு போனால், சுற்றிலும் கண்மாய்கள் வெயிலில் மின்னும்.

சென்னைக்குக் காலை விமானம் என்றால், வழியில் வலப்பக்கம் வெயில் கூசும். அங்கே கடல் பக்கமிருந்து தரையிறங்கினால், மெரினா தெரிவதும் வலப்பக்கம்தான்.

அம்மா பார்த்த மதுரை

இரண்டாவது பயணம் ஆடியில். ஏ.டி.ஆர் விமானம், பின்வரிசை, `எஃப்' சீட். விமானம் வலப்பக்கம் சாய்ந்தபோது அம்மா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டார். கோயிலைக் கண்டுபிடித்தார். வைகையைக் கண்டுபிடித்தார். ஏ.வி பாலத்தை விரலால் தொட்டு, அக்கரைக்குப் போனார்.

``ஏண்டி, நம்ம கோரிப்பாளையம் இம்புட்டுத்தானா?"

அந்தப் பாலத்தைத் தாண்டித் தாண்டித்தான் அவர் எங்களைப் படிக்க வைத்தார். பள்ளிக்கும் மார்க்கெட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடந்த அத்தனை தூரமும் அவரது ஒரு விரல் அகலத்துக்குள் அடங்கிவிட்டது.

மேகம் மறைக்கும் வரை பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: ``ஆத்துல தண்ணி ஓடுனா இன்னும் நல்லாருக்கும். மார்கழியில ஒரு தடவ போவமா? அப்ப இடது பக்கம்தானே?"

டிக்கெட் போட்டாயிற்று. `ஏ' சீட்!