கதியால் வேலியும் கல்மதிலும்

யாழ்ப்பாணத்தில் ஒரு காலம் ஆட்டுக்குத் தீவனம் தந்தது வேலிதான். கிடுகையும் பனையோலையையும் தாங்கி நின்ற கதியால்கள் எல்லாம் உயிர்மரங்கள்: கிளுவை, பூவரசு, முள்முருக்கு, பிறகு வந்த சீமைக்கிளுவை. மாரி தொடங்க ஒரு தடியை ஊன்றினால் துளிர்த்துவிடும். கலியாண வீட்டில் கன்னிக்காலாக நட்ட முள்முருக்குக்கூட வேர்விட்டு மரமாகும்.

பின்னேரம் வீட்டில் ஒருவர் கொக்கத்தடியோடு வேலியோரம் போவார். வெட்டிய குழையைக் கட்டிக் கொட்டில் வளையில் தொங்கவிடுவார்கள். நிலத்தில் போட்டு மிதிபட்ட குழையை ஆடு தொடாது. அண்ணாந்து பிடுங்கித் தின்பதே அதற்குப் பிடிக்கும். உதிர்ந்த பலாவிலைகளைக் கூரான கம்பியில் குத்திச் சேர்ப்பது பிள்ளைகளின் வேலை. குட்டி விற்ற காசு பெண்களின் கையில் நின்றது. தீவனத்துக்கென்று காசு கொடுத்தது குறைவு.

சோளகக் காற்று வீசும் வறண்ட மாதங்களில்தான் அந்தக் குழையின் அருமை தெரியும். புல் காய்ந்துபோக, மாட்டுக்கு மிஞ்சுவது வைக்கோல். அதில் புரதம் ஏறக்குறைய 4 வீதம்தான். மாட்டின் வயிற்றில் நாரை உடைக்கும் நுண்ணுயிர்களுக்கே அது போதாது. அதனால்தான் வயிறு முட்டத் தின்றும் மாடு மெலிகிறது. சீமைக்கிளுவை இலையின் உலர்நிறையில் 20 வீதமளவில் புரதம் உண்டு. கொஞ்சக் குழை சேர்ந்தால் நுண்ணுயிர்கள் பெருகும். அதே வைக்கோல் முன்னையைவிட நன்றாகச் செரிக்கும், மாடு கூடுதலாகவும் தின்னும். வெயிலில் கிளுவை இலையைக் கொட்டினாலும் பூவரசு பச்சையாய் நிற்கும். ஒரே வேலியில் பல மரம் வைத்தவர்களின் கெட்டித்தனத்தை நான் மெச்சுகிறேன்.

இன்று ஒழுங்கைகளின் இருபுறமும் மதில். 1995இல் போரால் நேர்ந்த இடப்பெயர்வு முடிந்து திரும்பிய பலருக்குத் தங்கள் வேலி இருந்த இடமே தெரியவில்லை. வெளிநாட்டுக் காசு வந்தது. வேலி அடைக்க ஆள் பிடிப்பது கடினமானது. கதியாலைத் தள்ளி நட்டதால் வந்த எல்லைச் சண்டைகளும் கொஞ்சமல்ல. மதில் கட்டியவர்களிடம் எனக்குக் குறையில்லை. ஆனால் வேலியோடு குழையும் போனது. இப்போது ஆடு வைத்திருப்பவர்கள் புண்ணாக்கும் தவிடும் வாங்குகிறார்கள். கோ-3 என்ற தீவனப் புல்லை நடுகிறார்கள். அந்தப் புல்லுக்கு இறைக்க வேண்டும். இங்கே கிணற்றில் இருப்பது சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைநீர். கூட இறைத்தால் கரையோரக் கிணறுகள் உவர்க்கும்.

கோடிப்பக்க மதிலோடு சீமைக்கிளுவை ஒரு வரிசை நடலாம். தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக இலங்கை அரசு அறிவித்த மரம் அது. பழகாத ஆடு அதன் மணத்துக்கு முகம் திருப்பும். வெட்டி அரைநாள் வாடவிட்டு, வேறு குழையோடு கலந்து கொடுத்தால் சில நாளில் பழகிவிடும். மொத்தத் தீவனத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் போகக்கூடாது. குதிரைக்கு இது நஞ்சு. அசைபோடும் விலங்குகளுக்கு மட்டும் கொடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெட்டினால் மரம் திரும்பத் தழைக்கும்.