தாத்தாவைத் தேடிய மூன்று கோடிப் பேர்

அரசு ஏடுகளில் குடும்பத்தின் வேரைத் தேடும்படி அசாம் மக்களுக்கு உத்தரவு வந்தது. படித்தவர்களும் நிலம் உள்ளவர்களும் தப்பித்தார்கள். கூலிக்காரர்களோ குமாஸ்தாவின் எழுத்துப் பிழையோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

வம்சாவளி எழுதிவைப்பது ராஜாக்களின் வேலை. ஜமீன்தார்களும் அதைப் பெருமையாகச் செய்தார்கள். அன்றாடங்காய்ச்சிக்குத் தாத்தாவின் பெயர் தெரியும். அதற்கு மேலே போனால் நினைவு மங்கிவிடும். ஆனால் 2015-ல் அசாமில் ரிக்‌ஷா இழுப்பவர், செங்கல் சூளையில் வேலை செய்பவர், ஆற்று மணல் திட்டில் சணல் பயிரிடுபவர் என்று எல்லோரும் வம்சாவளி ஆராய்ச்சியில் இறங்கினார்கள். வேறு வழியில்லை. தாத்தாவின் பெயர் பழைய ஏட்டில் இருந்து, அவருடைய பேரன்தான் தான் என்றும் நிரூபித்தால் இந்தியப் பிரஜை. முடியாவிட்டால் அந்நியர் என்ற சந்தேகம்.

தேசியக் குடிமக்கள் பதிவேட்டுக்காக 68 லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்கள் விண்ணப்பித்தன. 6 கோடிக்கும் மேற்பட்ட ஆவணங்கள் வந்து குவிந்தன. சுமார் 52,000 ஊழியர்கள் அவற்றைச் சரிபார்த்தார்கள். 2019 ஆகஸ்ட் 31-ல் வெளியான இறுதிப் பட்டியலில் 3,11,21,004 பேர் இடம்பெற்றார்கள். விடுபட்டவர்கள் 19,06,657 பேர். பல வீடுகளில் அப்பா பட்டியலில் இருந்தார், மகன் இல்லை. அண்ணன் இருந்தார், தங்கை இல்லை.

இத்தனைக்கும் மூலம் 1951 பிப்ரவரியில் நடந்த, சுதந்திர இந்தியாவின் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அப்போது வீடு வீடாகப் போய் எடுத்த விவரங்களை வைத்து அசாமில் ஊருக்கு ஒரு பதிவேடு தயாரித்தார்கள். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது, படிப்பு, பிழைப்பு, உடம்பில் உள்ள அடையாளம் என்று வீட்டு வரிசைப்படி எழுதிய ஏடுகள் அவை. தேசப் பிரிவினைக்குப் பிறகு எல்லை தாண்டி வருபவர்களை அடையாளம் காண்பது நோக்கம். மாவட்ட அலுவலகங்களில் இருந்த ஏடுகள் 1960-களின் தொடக்கத்தில் போலீஸ் வசம் போயின. பிறகு கரையானும் ஈரமும் அவற்றைக் கவனித்துக்கொண்டன. சில பகுதிகளுக்கு ஏடே கிடைக்கவில்லை.

அந்த ஏடுகளுக்கு மறுவாழ்வு தந்தது அரசியல். அந்நியர்களை வெளியேற்றக் கோரி 1979 முதல் ஆறு ஆண்டுகள் அசாமில் கிளர்ச்சி நடந்தது. சொந்த மண்ணிலேயே தங்கள் மொழியும் நிலமும் சிறுபான்மையாகிவிடும் என்ற அச்சம் அசாமியர்களுக்கு உண்மையாகவே இருந்தது. 1985 ஆகஸ்ட் 15-ல் கையெழுத்தான அசாம் ஒப்பந்தம், 1971 மார்ச் 24 நள்ளிரவைக் கெடுவாக வைத்தது. அதற்குப் பிறகு வந்தவர்கள் அந்நியர்கள். இந்தக் கெடுவுக்குச் சட்டவடிவம் தந்த குடியுரிமைச் சட்டப் பிரிவு 6ஏ செல்லும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

விதி எளிமையாகத்தான் தெரிந்தது. 1951 பதிவேட்டிலோ 1971 வரையிலான வாக்காளர் பட்டியல்களிலோ மூதாதையர் ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டும். நிலப் பட்டா, வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட், கல்விச் சான்றிதழ் போன்றவையும் செல்லும். அடுத்து, அவருக்கும் தனக்கும் உள்ள உறவைக் காட்ட இன்னொரு ஆவணம் வேண்டும். பழைய ஏடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, 2015 மார்ச் முதல் சுமார் 2,500 சேவை மையங்களில் பார்க்க வசதி செய்தார்கள். பெயர் கிடைத்தவர்களுக்கு 11 இலக்க எண் ஒன்று தரப்பட்டது. படிக்கத் தெரியாத தொழிலாளர்கள் அந்தத் துண்டுச் சீட்டை நகை போலப் பத்திரப்படுத்தினார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். சொத்து உள்ளவனுக்குப் பத்திரம் இருக்கும், படித்தவனுக்குச் சான்றிதழ் இருக்கும். கூலிக்காரன் தன் பெயரைத் தானே எங்கும் எழுதியதில்லை. அவனைப் பற்றி யாரோ ஒரு குமாஸ்தா எழுதியதுதான் ஏட்டில் இருக்கிறது. 1951-ல் ஒருவர் எழுதிய பெயர் 1966 வாக்காளர் பட்டியலில் வேறாக இருக்கும். கம்ப்யூட்டருக்காக ஆங்கிலத்தில் மாற்றும்போது இன்னும் கொஞ்சம் திரியும். வயதும் அப்படித்தான். உத்தேசமாகச் சொன்ன வயது ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வொரு மாதிரி ஏறியிறங்கும். அப்பாவுக்கும் மகனுக்கும் பத்தே வயது வித்தியாசம் வந்து நிற்கும்.

ஊர் மாறியதற்கோ ஆறு காரணம். 1950 ஆகஸ்ட் 15-ல் வந்த பெரும் பூகம்பம் பிரம்மபுத்திராவின் படுகையை மேடாக்கியது. கரை அரிப்பு கடுமையானது. அப்போதிலிருந்து 4 லட்சம் ஹெக்டேருக்கும் அதிகமான நிலத்தை ஆறுகள் விழுங்கிவிட்டதாக மாநில அரசே கணக்குச் சொல்கிறது. ‘சர்’ எனப்படும் ஆற்றுத் திட்டுகளில் வசிப்பவர்கள் வாழ்நாளில் பல முறை வீடு மாற்றியவர்கள். 1951-ல் தாத்தா இருந்த கிராமமே இப்போது தண்ணீருக்குள். வெள்ளத்தில் தட்டுமுட்டுச் சாமான்களோடு காகிதங்களும் போயிருக்கும்.

பெண்கள் பாடு இன்னும் மோசம். வங்காள முஸ்லிம் குடும்பத்தில் பிறந்த பெண் சிறுமியாக இருக்கும்போது ‘காத்துன்’. கல்யாணமானால் ‘பேகம்’ அல்லது ‘நெசா’. கணவர் இறந்தால் ‘பேவா’. ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர். பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டாள். பிறப்புச் சான்றிதழும் கிடையாது. பிறப்பு, இறப்புப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டமே 1969-ல்தான் வந்தது. அது கிராமத்துக் குடிசைகளை எட்ட மேலும் பல ஆண்டுகள் ஆயின. வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் முதன்முதலாக ஏறும்போது கணவரின் ஊரில், கணவரின் பெயரோடுதான் ஏறுகிறது. அவள் இன்னாரின் மகள் என்று சொல்ல ஒரு வரிகூட இருக்காது.

அதற்காகவே பஞ்சாயத்துச் செயலாளர் தரும் சான்றிதழை அனுமதித்தார்கள். சுமார் 48 லட்சம் பெண்கள் அதை நம்பினார்கள். 2017 பிப்ரவரியில் அது செல்லாது என்றது குவஹாத்தி உயர் நீதிமன்றம். உரிய சரிபார்ப்போடு ஏற்கலாம் என்று டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது.

அடுத்த கண்டம் குடும்ப மரம். ஒவ்வொரு விண்ணப்பதாரரும் தன் தாத்தாவின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லோரையும் எழுதித் தர வேண்டும். அதே தாத்தாவைக் காட்டி வேறு யாரெல்லாம் விண்ணப்பித்திருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் ஒரு மரம் வரையும். இரண்டும் பொருந்த வேண்டும். பிறர் தாத்தாவைத் திருடிக்கொள்ளும் மோசடியைப் பிடிக்க இது உதவியது. ஆனால் சண்டை போட்டுக்கொண்டு பிரிந்துபோன சித்தப்பாவின் மகனை எழுத மறந்தவர்களும் சிக்கினார்கள். மொத்தக் குடும்பத்துக்கும் விசாரணை ஓலை வந்தது. 2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் கீழ் அசாமைச் சேர்ந்தவர்கள் பல நூறு கிலோமீட்டர் தள்ளி மேல் அசாமில் ஆஜராகும்படி குறுகிய கெடுவில் அழைக்கப்பட்டார்கள். கைக்குழந்தைகளோடும் முதியவர்களோடும் வாடகை பஸ் பிடித்துப் போனார்கள். தினக்கூலி போனது, கையிருப்பும் போனது.

எல்லோருக்கும் ஒரே அளவுகோல் என்றும் இல்லை. மண்ணின் பூர்வகுடிகள் என்று அதிகாரிகள் ஐயமறத் திருப்தி அடைந்தால், அவர்களைக் கூடுதல் ஆவணம் கேட்காமலே சேர்க்க விதி இடம் கொடுத்தது. யார் காகிதம் காட்ட வேண்டும், யார் காட்ட வேண்டாம் என்பதும் அதிகாரியின் பேனாவில் இருந்தது.

இதே வேலை பிரிட்டனில் பொழுதுபோக்கு. அங்கே 1841 முதல் கணக்கெடுப்பில் ஒவ்வொருவர் பெயரும் பதிவாகிறது. 100 ஆண்டு கழித்துத் தாள்கள் பொதுமக்கள் பார்வைக்கு வருகின்றன. 1921 கணக்கெடுப்பு 2022 ஜனவரியில் திறந்தது. சுரங்கத் தொழிலாளியின் கொள்ளுப்பேத்தி அவர் எந்தத் தெருவில், எத்தனை பேரோடு குடியிருந்தார் என்று ரசித்துப் படிக்கிறாள். பிழை இருந்தால் சிரித்துக்கொள்வாள். இந்தியாவிலோ 1948-ம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு அந்தத் தாள்களை யாரும் பார்க்க முடியாதபடி பூட்டிவைக்கிறது. தைரியமாக உண்மையைச் சொல்லுங்கள், யாருக்கும் காட்ட மாட்டோம் என்று மக்களுக்குத் தந்த வாக்குறுதி அது. அசாம் ஏடுகள் மட்டும் விதிவிலக்கானது விசித்திரம்.

இவ்வளவு செய்தும் யாருக்கும் திருப்தி இல்லை. விடுபட்டவர்கள் தொகை குறைவு என்று ஒரு தரப்பு கோபப்பட்டது. அசல் இந்தியர்கள் விடுபட்டார்கள் என்று மறு தரப்பு குமுறியது. மாநில அரசே மறு சரிபார்ப்பு கேட்டது. விடுபட்டவர்கள் நிராகரிப்புக்கான காரணத்தை எழுத்தில் பெற்ற பிறகு, 120 நாட்களுக்குள் அந்நியர் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்பது ஏற்பாடு. அந்தக் காகிதம் வராமலே ஆண்டுகள் ஓடின. நடுவில் கைரேகை கொடுத்த லட்சக்கணக்கானோரின் ஆதார் முடங்கியது. அதில் 9 லட்சத்துக்கும் அதிகமானவர்களின் முடக்கத்தை நீக்குவதாக 2024 ஆகஸ்டில்தான் மாநில அரசு அறிவித்தது.

அசாம் தூரத்துக் கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2025-ல் தேர்தல் கமிஷன் பீகாரிலும் பிறகு தமிழ்நாடு உட்பட வேறு மாநிலங்களிலும் வாக்காளர் பட்டியலைத் தீவிரமாகத் திருத்தியபோது, சுமார் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டியலில் தங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ இருக்கிறதா என்று மக்கள் தேடினார்கள். அது வாக்குரிமை பற்றியது, நோக்கமும் வேறு. ஆனாலும் வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்தவர்களும் பிழைப்புக்காக ஊர் விட்டவர்களும்தான் அங்கேயும் திணறினார்கள்.

2023 அக்டோபர் முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறப்புச் சான்றிதழ் ஒன்றே போதும் என்று சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. நல்ல காரியம். அந்தக் குழந்தைகளின் பேரப்பிள்ளைகளுக்குத் தேடும் வேலை இருக்காது. ஆனால் பதிவே இல்லாத காலத்தில் பிறந்தவர்கள் கோடிக்கணக்கில் இன்னும் இருக்கிறார்கள். ஆவணம் எழுதாமல் விட்டது அரசாங்கம். அதைக் காட்டச் சொல்வதோ அவர்களிடம்.