அறை வாடகையில் விழுந்த வெட்டு

அப்பாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். 3 லட்ச ரூபாய் பாலிசி இருக்கிறதே என்று தெம்பாக இருந்தேன். நாளுக்கு 6,000 ரூபாய் அறையில் சேர்த்தோம். பாலிசியில் அறை வாடகை வரம்போ 1 சதவீதம், அதாவது 3,000. வாடகை வித்தியாசத்தை மட்டும் கட்டினால் போதும் என்றுதான் நினைத்தேன். டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் எல்லாவற்றிலும் பாதியை வெட்டிவிட்டார்கள். வரம்பை மீறி அறை எடுத்தால் அதே விகிதத்தில் இவையும் குறையுமாம்; மருந்துச் செலவு மட்டும் தப்பியது. பொடி எழுத்தைப் படிக்காதது என் தப்புதான். ஆனால் விற்றவர் வாயே திறக்கவில்லையே!

சில விதிகள் இப்போது நம் பக்கம் சாய்ந்திருக்கின்றன. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 3 ஆண்டுதான்; முன்பு 4. தொடர்ந்து 5 ஆண்டு பிரீமியம் கட்டியவரிடம், மோசடி நிரூபணமானால் தவிர, ‘நோயை மறைத்தீர்கள்’ என்று கிளெய்மை மறுக்க முடியாது. டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த 3 மணி நேரத்துக்குள் கேஷ்லெஸ் ஒப்புதல் தர வேண்டும் என்கிறது ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.; தாமதத்தால் ஆஸ்பத்திரி கூடுதலாகக் கேட்டால் அது கம்பெனி செலவு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இல்லை.

அறை வாடகை வரம்பு மட்டும் பல பாலிசிகளில் அப்படியே இருக்கிறது. புதுப் பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பித் தரலாம். அதற்குள் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.