ஒரு பவுன்னா 8 கிராம். சரி, நீங்க எத்தனை கிராமுக்குக் காசு கொடுக்கிறீங்க?

தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் திருத்தங்கல், சிவகாசி பக்கம் பல வீடுகள்ல கிளம்புற முதல் பேச்சு, "ஒரு பவுனாவது எடுத்துரலாம்". "எட்டு கிராம் எடுக்கலாம்"னு யாரும் சொல்றதில்லை. ஆனா கடைக்குள்ள போனா தராசு கிராம்ல காட்டும், பில்லும் கிராம்லதான் வரும். அவசரத்துக்கு அடகு வச்சா பேங்க் சீட்டுலயும் கிராம்தான். வீட்டுல பேசுறது ஒரு அளவு, காசு போறது இன்னொரு அளவு. முதல் சம்பளத்துல நகை வாங்கப் போற எல்லாரும் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கணும்.

முதல்ல ஒரு சின்னக் கதை. பவுன் என்பது ஆரம்பத்துல எடையே இல்லை, காசு. ஒரு பவுண்டு மதிப்புள்ள பிரிட்டிஷ் தங்க நாணயம்தான் சவரன். 1918-ல பம்பாயில கூட அதை அச்சடிச்சாங்க. எடை 7.988 கிராம், 22 காரட். அதுல இருந்த சுத்தத் தங்கம் 7.32 கிராம்.

நம்ம நாட்டுல மெட்ரிக் எடைக்கான சட்டம் 1956-ல வந்தது. 1958 அக்டோபர்ல இருந்து படிப்படியா நடைமுறைக்கு வந்தது. அப்ப சென்னை மாநில முதலமைச்சர் நம்ம விருதுநகர்க்காரர் காமராஜர். பலம் (35 கிராம்), வீசை (1.4 கிலோ), மணங்கு எல்லாம் மெல்ல மெல்ல கடைத்தெருவை விட்டுப் போயிருச்சு. பவுன் மட்டும் போகலை. காரணம் ரொம்ப சிம்பிள்: 12 மில்லிகிராம் சேர்த்தா முழுசா 8 கிராம். அரைப் பவுன் 4, கால் பவுன் 2. மனக்கணக்குக்கு இதைவிட வசதி வேற என்ன வேணும்?

இப்ப காசு விஷயத்துக்கு வருவோம். கணக்குக்காக 22 காரட் ஒரு கிராம் 10,000 ரூபாய்னு வச்சுக்கலாம். நீங்க படிக்கிற அன்னைக்கு என்ன விலையோ அதைப் போட்டுக்கோங்க. 5 பவுன் செயின்னா 40 கிராம், 4 லட்சம். சேதாரம் 12 சதவீதம்னு கடைக்காரர் சொல்றார். கேட்க சின்னதா இருக்கு இல்லையா? அதை எடையா மாத்துங்க. 40 கிராமுக்கு 4.8 கிராம். அதாவது அரைப் பவுனுக்கும் மேல. 48,000 ரூபாய். ரெண்டும் சேர்ந்து 4,48,000, அதுக்கு 3 சதவீதம் ஜிஎஸ்டி 13,440. மொத்தம் 4,61,440 ரூபாய்.

அதே செயினை மறுநாள் விக்கப் போனா தராசுல 40 கிராம்தான் காட்டும். அந்த 4.8 கிராம் எந்தத் தராசுலயும் வராது. தங்கம் விலை 15 சதவீதத்துக்கு மேல ஏறினாத்தான் நீங்க போட்ட காசே திரும்பும். 8 பவுனுக்கு மேல வாங்கும்போது, 12 சதவீத சேதாரத்துலயே கிட்டத்தட்ட ஒரு பவுன் போயிருது. அம்மா கிட்ட "12 பர்சன்ட்"னு சொன்னா தலையாட்டுவாங்க. "ஒரு பவுன் சும்மா போகுதும்மா"ன்னு சொல்லிப் பாருங்க, பேரம் அவங்களே பேசிருவாங்க.

கல் வச்ச நகைன்னா இன்னும் கவனம். பில்லுல மொத்த எடை, நிகர எடைன்னு ரெண்டு இருக்கும். சேதாரம் எந்த எடைக்குப் போட்டிருக்காங்கன்னு பாருங்க. அடகு வைக்கும்போது கல்லுக்கு மதிப்பே கிடையாது. ரிசர்வ் வங்கியோட 2025 விதிகள்லயும் தங்கத்தோட மதிப்பு மட்டும்தான் கணக்கு.

அடுத்தது காரட். இப்ப 18 காரட் நகையும் நல்லா ஓடுது. "பவுனுக்கு இவ்வளவு கம்மியா!"ன்னு தோணும். 22 காரட் பவுன்ல சுத்தத் தங்கம் சுமார் 7.33 கிராம், 18 காரட் பவுன்ல 6 கிராம். ரெண்டுக்கும் பேர் பவுன்தான்! அதனால 916-ஆ 750-ஆன்னு முத்திரையைப் பாருங்க. கூடவே இருக்கிற ஆறு எழுத்து ஹெச்யூஐடி எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா தூய்மை தெரிஞ்சிரும்.

நகைச் சீட்டு கட்டுறவங்க ஒரே ஒரு கேள்வி கேளுங்க: மாசாமாசம் கட்டுற பணம் அன்னன்னைக்கு விலைக்கு கிராமா வரவு ஆகுதா, இல்ல ரூபாயாவே நிக்குதா? ரூபாயா நின்னா, 11 மாசம் விலை ஏறின சுமை முழுக்க உங்க தலையிலதான். சேதாரத் தள்ளுபடி எத்தனை சதவீதம் வரைக்கும்னும் அட்டையிலயே எழுதி வாங்கிக்கோங்க.

செய்தியில "அவுன்ஸ் இத்தனை டாலர்"னு கேட்டு நீங்களே கணக்குப் போடுறீங்களா? தங்கத்துக்கு ட்ராய் அவுன்ஸ், 31.1035 கிராம். கூகுள்ல சும்மா அவுன்ஸ்னு தேடினா வர்ற 28.35 கிராமால வகுத்தா, விலை கிட்டத்தட்ட 10 சதவீதம் அதிகமா வரும். அது 24 காரட் விலைங்கிறதையும் மறந்துராதீங்க. இன்னொண்ணு, சவரன் கோல்டு பாண்டு ஒரு யூனிட் 8 கிராம்னு சிலர் நினைக்கிறாங்க. இல்லை, ஒரு யூனிட் ஒரு கிராம்தான். அங்க 'சவரன்'னா அரசாங்கம் தர்ற பத்திரம்னு அர்த்தம், பவுன் இல்லை. 2024 பிப்ரவரிக்குப் பிறகு புது வெளியீடும் வரலை.

வீட்டுல ஏற்கனவே இருக்கிற ஒரு நகை பில்லை எடுங்க. மொத்தமா கொடுத்த ரூபாயை நிகர எடையால வகுங்க. வர்றதுதான் நீங்க ஒரு கிராமுக்கு உண்மையில கொடுத்த விலை. அதை அன்னைக்கு போர்டுல இருந்த விலையோட வச்சுப் பார்த்து, எவ்வளவு வித்தியாசம்னு கமெண்ட்ல சொல்லுங்க.