பர்ன்லியில் வீடு மலிவுதான்; யாருக்கு மலிவு?

"இங்கிலாந்தில் சொந்த வீடு, எண்பது லட்சம் ரூபாயில்!" என்கிற தோரணையில் வரும் விளம்பரங்களை வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் சகோதரர்கள் பலர் பார்த்திருப்பார்கள். சென்னைப் புறநகரில் ஒரு ஃபிளாட் வாங்கும் பணம்தானே என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். இன்னொரு பக்கம், மருத்துவமனை வேலைக்கும் முதியோர் பராமரிப்பு வேலைக்கும் வட இங்கிலாந்து சென்று, குடும்பத்தோடு அங்கேயே தங்கிவிட்டவர்கள் இருக்கிறார்கள். "மாதாமாதம் வாடகையாகக் கொடுக்கும் காசில் வீட்டையே வாங்கிவிடலாமே, வட்டியில்லாமல் வழி உண்டா?" என்பது அவர்களின் கேள்வி. இந்த இரண்டு சாராரும் சொல்லும் ஊர்களின் வரிசையில் பர்ன்லி கட்டாயம் இருக்கும். இருவருக்கும் பதில் ஒன்றல்ல என்பதால் அந்த ஊரை வைத்தே விளக்க முயல்கிறோம்.

லங்காஷயர் மாவட்டத்தின் கிழக்கே, மலைச்சரிவுகளுக்கு இடையில் இருக்கும் ஊர் பர்ன்லி. அங்கே சராசரி வீட்டு விலை ஒரு லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல். இங்கிலாந்து முழுமைக்குமான சராசரி மூன்று லட்சம் பவுண்டை ஒட்டியிருக்கிறது; லண்டனில் ஐந்து லட்சத்தையும் தாண்டிவிட்டது. நாட்டிலேயே மிகக் குறைந்த விலை உள்ள வட்டாரங்களில் ஒன்று என்ற பெயர் பர்ன்லிக்குப் பல ஆண்டுகளாக உண்டு.

ஏன் இந்த மலிவு?

லங்காஷயர் துணி என்ற பெயரை நம் பாட்டன்மார் அறிவார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பர்ன்லியில் மட்டும் ஒரு லட்சத்தை ஒட்டிய தறிகள் ஓடின. அங்கே நெய்த பருத்தித் துணியில் பெரும்பங்கு இந்தியாவுக்கும் சீனாவுக்கும் கப்பலேறியது. தறிக்காரர்களைக் குடிவைக்க ஆலைகளைச் சுற்றி வரிசை வரிசையாகக் கல் வீடுகள் எழுந்தன. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, இருபுறமும் பக்கத்து வீட்டுச் சுவர், பின்னால் ஒரு சந்து. இன்று "எண்பது லட்சத்துக்கு வீடு" என்று விற்கப்படுவது பெரும்பாலும் இந்த நூறு வயது தாண்டிய வரிசை வீடுதான். முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தியச் சந்தை கைநழுவியது. சுதேசி இயக்கம், நம் நாட்டு ஆலைகள், ஜப்பானின் போட்டி என்று காரணங்கள் பல. 1931-ல் காந்தி லண்டன் வந்தபோது, பர்ன்லிக்கு அருகிலுள்ள டார்வனுக்குச் சென்று வேலையிழந்த ஆலைத் தொழிலாளர்களைச் சந்தித்தது பலருக்கும் தெரிந்த செய்தி. 1911 குடிக்கணக்கில் ஒரு லட்சத்தைத் தாண்டிய ஊர், 2011-ல் 87,000 பேராகச் சுருங்கியிருந்தது. ஆட்கள் போய்விட்டார்கள், வீடுகள் நின்றன. விலை ஏறாததற்கு வேர் இதுதான்.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தெருத்தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. சில வீடுகள் பத்தாயிரம் பவுண்டுக்கும் கீழே கைமாறின. 2002-ல் அரசு அறிவித்த வீட்டுச் சந்தைப் புதுப்பிப்புத் திட்டத்தில் கிழக்கு லங்காஷயரும் சேர்க்கப்பட்டு, பல வரிசைகள் இடிக்கப்பட்டன. 2011-ல் அந்தத் திட்டம் பாதியில் நின்றது. இடையில் தூரத்து முதலீட்டாளர்கள் புகுந்து 2007 வரை விலையைக் கிளப்பிவிட்டார்கள். மறு ஆண்டு உலக நிதி நெருக்கடியில் அது விழுந்தது. விழுந்த விலை பழைய இடத்துக்கு வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. "நிலத்தில் போட்ட காசு இறங்காது" என்று நம் ஊரில் சொல்வதை அங்கே கொண்டு போகக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2020-க்குப் பிறகு காற்று திரும்பியிருக்கிறது. தெற்கில் விலை தேங்கியபோதும் வடமேற்கில் ஏறியது. மக்கள்தொகை 2021-ல் 94,000-ஐத் தாண்டியது. 2015 மே மாதம் டாட்மார்டன் வளைவு ரயில் பாதை மீண்டும் திறக்கப்பட்டு, நாற்பதாண்டுக்கு மேல் இல்லாதிருந்த மான்செஸ்டர் நேரடி ரயில் வந்தது. பயணம் ஒரு மணி நேரத்துக்கு உள்ளேதான். பல்கலைக்கழக வளாகமும் ஒரு பழைய ஆலைக்குள் வந்திருக்கிறது. மான்செஸ்டரில் வேலை, பர்ன்லியில் வீடு என்பது இன்று நடக்கிற காரியம்.

தூரத்திலிருந்து வாங்குகிறவருக்கு

விளம்பரம் சொல்லும் கணக்கு எளிமையானது. 70,000 பவுண்டுக்கு வீடு, மாதம் 550 பவுண்டு வாடகை, ஆண்டுக்கு 6,600. ஒன்பது சதவீதத்துக்கு மேல் வருமானம்! நாமும் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தோம்.

முதலில் முத்திரை வரி. 1,25,000 பவுண்டு வரை வரி இல்லை என்பது முதல் வீடு வாங்குவோருக்கும், பழைய வீட்டை விற்றுப் புது வீடு மாறுவோருக்கும் உள்ள நிலை. வேறொரு வீடு வைத்திருப்பவர் 2024 அக்டோபர் 31 முதல் முழு விலைக்கும் 5 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். பிரிட்டனில் வசிக்காதவராக இருந்தால் மேலும் 2 சதவீதம். ஆக 70,000-க்கு 4,900 பவுண்டு. வழக்கறிஞர், கட்டட ஆய்வு எல்லாம் சேர்த்து 2,000 என்று வைப்போம். வாடகையில் முகவருக்கு 12 சதவீதம், அதாவது ஏறத்தாழ 800. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலி என்றால் 550 போய்விடும். காப்பீடு, எரிவாயுப் பாதுகாப்புச் சான்று, உரிமக் கட்டணம், சில்லறைப் பழுது எல்லாவற்றுக்கும் 1,500. மிஞ்சுவது 3,750 பவுண்டு. போட்ட 76,900-க்கு அது ஐந்து சதவீதம்கூட இல்லை. இதற்கு மேல் வருமான வரி. உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், வரி இலாகாவின் அனுமதி பெறாத வரையில் முகவரே வாடகையில் 20 சதவீதம் பிடித்துக் கட்டிவிடுவார். ஒரு மழைக்காலத்தில் கூரை ஓடு நகர்ந்தால் அந்த ஆண்டின் லாபம் கூரைக்காரருக்குத்தான்.

உரிமக் கட்டணம் என்றோம். 2004-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ், பர்ன்லி நகர மன்றம் குறிப்பிட்ட சில பகுதிகளில் வாடகைக்கு விடும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிமம் கட்டாயமாக்கியிருக்கிறது. மலிவான வீடுகள் பெரும்பாலும் அந்தப் பகுதிகளில்தான். உரிமம் இல்லாமல் விட்டால் அபராதம் ஒருபுறம்; வாங்கிய வாடகையையே வாடகைதாரருக்குத் திருப்பிக் கொடு என்று தீர்ப்பாயம் உத்தரவிடலாம். காரணம் சொல்லாமல் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் முறையையும் 2025-ல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் ஒழிக்கிறது. வீட்டை ஆண்டுக்கணக்கில் பூட்டி வைக்கலாம் என்றால், ஓராண்டு காலியாகக் கிடந்த வீட்டுக்கு உள்ளாட்சி வரியை இரட்டிப்பாக்கவும் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. துபாயில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் யார் பார்ப்பது? வாடகைக்கு விடுவது ஹலாலான தொழில்தான். ஆனால் ஓதம் ஏறிய வீட்டில் ஒரு குடும்பத்தைக் குடிவைத்துக் காசு வாங்குவது முதலீடு என்ற பெயரில் வந்தாலும் நமக்கு ஒப்பவில்லை.

அங்கேயே வசிப்பவருக்கு

இவர்களுக்குப் பர்ன்லியின் மலிவு உண்மையிலேயே மலிவு. அதற்கு முன்மாதிரியும் அங்கேயே இருக்கிறது. 1960-களில் ஆலைகளின் இரவுப் பணிக்கு வந்த பாகிஸ்தானியரும் அவர்களைத் தொடர்ந்து வந்த வங்கதேசத்தவரும் இதே வரிசை வீடுகளைச் சில நூறு பவுண்டுக்கு வாங்கினார்கள். வங்கி அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. உறவினர்களும் ஊர்க்காரர்களும் வாரம் இவ்வளவு என்று போட்டு, முறைவைத்து ஒருவருக்கு மொத்தமாகக் கொடுத்தார்கள். 'கமிட்டி' என்று பெயர். ஏலமோ கழிவோ இல்லாத நம் ஊர்ச் சீட்டுதான் அது. டேன்ஸ்ஹவுஸ், ஸ்டோனிஹோம் பகுதிகளில் இன்று பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் நிறைந்திருப்பதற்கு அப்படி வாங்கிய வீடுகளும் ஒரு காரணம்.

வட்டிக்கடன் பற்றிக் கேட்போர் ஒரு ஃபத்வாவைக் காட்டுகிறார்கள். ஐரோப்பிய ஃபத்வா மன்றம் 1999-ல், வேறு வழியில்லாத முஸ்லிம் தான் குடியிருக்கும் வீட்டுக்காக வங்கிக் கடன் வாங்கலாம் என்று நிபந்தனைகளோடு அனுமதித்தது. பிரிட்டனின் உலமாக்கள் பலர் அதை ஏற்கவில்லை. அந்தக் கருத்து வேற்றுமைக்குள் நாம் நுழைய வேண்டியதில்லை. அந்த ஃபத்வாவே நிர்ப்பந்தம் என்ற தூணின் மேல் நிற்கிறது. லண்டனில் அப்படி வாதிடுவோர் இருக்கலாம். கணவன், மனைவி இருவரும் சம்பாதித்து, மாதம் ஆயிரம் பவுண்டு ஒதுக்கினால் ஆறு ஆண்டில் ஒரு வரிசை வீட்டின் விலை கையில் சேரும் ஊரில், நிர்ப்பந்தம் என்று சொல்ல நம் நா எழவில்லை.

ஆறு ஆண்டு காத்திருக்க முடியாதவர்களுக்குக் கூட்டு உடைமை முறை இருக்கிறது. வங்கியும் நீங்களும் சேர்ந்து வீட்டை வாங்குகிறீர்கள். வங்கியின் பங்குக்கு வாடகை கொடுத்தபடி, அந்தப் பங்கைச் சிறிது சிறிதாக வாங்கிவிடுகிறீர்கள். முதலில் உங்கள் கையிலிருந்து பொதுவாக விலையில் ஐந்தில் ஒரு பங்கு வேண்டும். 1,20,000 பவுண்டு வீட்டுக்கு 24,000. இருமுறை கைமாறுவதால் வந்த இரட்டை முத்திரை வரியை பிரிட்டன் 2003-லேயே நீக்கிவிட்டது. ஆனால் இதிலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாது. 2020-ல் 0.1 சதவீதமாக இருந்த இங்கிலாந்து வங்கியின் அடிப்படை விகிதம் 2023-ல் 5.25-க்கு ஏறியபோது இஸ்லாமிய வங்கிகளின் வாடகையும் கூடவே ஏறியது. விகிதத்தை அளவுகோலாக மட்டும் பயன்படுத்துவது ஒப்பந்தத்தைக் கெடுக்காது என்பது முஃப்தி தகீ உஸ்மானி போன்றோரின் கருத்து. நம் கேள்வி வேறு: விலை விழுந்து வீட்டை விற்க நேர்ந்தால் நஷ்டம் யாருக்கு? பங்காளி என்ற பெயருக்கு ஏற்ப வங்கியும் சுமக்கிறதா, அல்லது எல்லாம் உங்கள் தலையிலா? 2007-ஐக் கண்ட ஊரில் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதோடு, மிக மலிவான வீடுகளுக்குப் பணம் தரப் பல நிறுவனங்கள் தயங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டைப் பார்க்கும்போது பளிச்சென்ற வண்ணப்பூச்சில் மயங்க வேண்டாம். தரைத்தளச் சுவரின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், நிலவறை இருந்தால் இறங்கிப் பாருங்கள். ஊர் நிலக்கரிச் சுரங்கங்களின் மேல் எழுந்தது; சுரங்கத் தேடல் அறிக்கையை வழக்கறிஞரிடம் கேளுங்கள். மனை சொந்தமா, 999 ஆண்டுக் குத்தகையா என்பதையும் பாருங்கள். அந்தப் பக்கம் பழைய வீடுகளில் இது சாதாரணம், பயப்பட ஏதுமில்லை, தெரிந்திருந்தால் போதும்.

நம் சமுதாயத்துக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம். சேர்ந்து வாழும் கணவன் மனைவியை, இந்தக் கூடுதல் முத்திரை வரிக்கு, பிரிட்டிஷ் வரி இலாகா ஒன்றாகவே பார்க்கிறது. வீடு உலகின் எந்த மூலையில் இருந்தாலும் கணக்கில் வரும். மனைவி பெயரில் ஊரில் உள்ள வீடு 40,000 பவுண்டு பெறுமானால், கணவர் பர்ன்லியில் தன் பெயரில் மட்டும் வாங்கும் 1,20,000 பவுண்டு வீட்டுக்கும் 6,000 பவுண்டு கூடுதல் வரி விழும். "எனக்குச் சொந்த வீடே இல்லை" என்று தெரியாமல் எழுதிக் கொடுத்தாலும் பின்னால் அபராதம் வரலாம். வாப்பாவின் வீட்டில் வாரிசாக வந்த பங்கு இருந்தால் அதையும் மறைக்காமல் வழக்கறிஞரிடம் சொல்லிவிட வேண்டும்.

மற்றது வாரிசுரிமை. இங்கிலாந்தில் உள்ள வீட்டுக்கு இங்கிலாந்தின் சட்டமே பொருந்தும். உயில் எழுதாமல் ஒருவர் மௌத்தானால், பிள்ளைகள் இருந்தாலும் முதல் 3,22,000 பவுண்டு துணைவருக்கே. பர்ன்லி வீடு முழுவதும் அதற்குள் அடங்கிவிடும். குர்ஆன் விதித்த ஆறில் ஒரு பங்கு ஊரில் இருக்கும் தாய்க்குச் சேராது, பிள்ளைகளுக்கும் சேராது. ஆகவே பங்கீட்டு முறைப்படி, இரண்டு சாட்சிகளோடு, அந்த நாட்டுச் சட்டப்படி ஓர் உயில் எழுதி வையுங்கள். இருவர் பெயரில் வாங்கும்போது "கூட்டாகவா, தனித்தனிப் பங்காகவா?" என்று வழக்கறிஞர் ஒரு படிவத்தில் கேட்பார். கூட்டாக என்று குறித்தால் ஒருவர் இறந்ததும் வீடு அப்படியே மற்றவருக்குப் போகும், உயில் எழுதியிருந்தாலும் செல்லாது. தனித்தனிப் பங்கு என்று குறித்து, யாருக்கு எவ்வளவு என்பதையும் அதே படிவத்தில் எழுதச் சொல்லுங்கள்.