சனி, ஞாயிறு எங்கே போவது? தோட்டப்புற இளசுகளின் கேள்வி

சனிக்கிழமை மாலையானால் தோட்டப்புறத்து வீடுகளில் ஒரே கேள்விதான். "எங்கடா கிளம்பிட்ட?" பதிலும் ஒன்றுதான். "சும்மா, லெப்பாக் பண்ணத்தான்மா."

இளைஞர்களைப் பற்றிப் பேசும் கருத்தரங்குகளில் இந்த 'லெப்பாக்' அடிக்கடி அடிபடும். பிள்ளைகள் காதல், கூத்து, கும்மாளம் என்று ஊர் சுற்றுகிறார்கள் என்று பெற்றோர் குறைபடுவார்கள். கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா சுற்றுவட்டாரத்தைப் பொறுத்தவரை முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. சுற்றாமல் உட்கார்ந்து சிரித்துப் பேச, ஆட, பாட அவர்களுக்கு ஊருக்குள் இடம் எங்கே இருக்கிறது?

ஒரு காலத்தில் இருந்தது. 1917ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், நாட்டிலேயே முதன்முதலாக வணிக நோக்கில் செம்பனை பயிரிட்ட தென்னமரம் தோட்டம் இந்த வட்டாரத்தில்தான் உள்ளது. அந்தத் தோட்டத்தின் பெயரே தமிழ். இப்படிப்பட்ட தோட்டங்களில் லயத்து வீடுகள், மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, கள்ளுக்கடை ஆகியவற்றோடு ஒரு திடலும் கட்டாயம் இருக்கும். பகலில் அங்கே பந்து விளையாட்டு. படம் காட்டும் இரவில் இரண்டு கம்பங்களுக்கிடையே வெள்ளைத் துணி கட்டிவிடுவார்கள். தகவல் இலாகா வண்டி வந்தாலும் அதே திடல்தான். பாயும் போர்வையுமாகக் குடும்பங்கள் வந்து உட்காரும். திருவிழாவின்போது நாடகமும் கரகாட்டமும் நடக்கும். நாடகத்தில் கோமாளி வேடம் கட்டியவனுக்கு அடுத்த ஆண்டு வரை அதுவே பட்டப்பெயராகிவிடும்.

அங்கே காதலும் இருந்தது. படம் ஓடும்போது யார் திரையைப் பார்க்கிறார்கள், யார் பக்கத்துப் பாயைப் பார்க்கிறார்கள் என்பது கிழவிகளுக்குத் தெரியாதா? அதற்காக அந்தக் காலத்தைத் தங்கம் என்று சொல்லிவிடவும் முடியாது. சாதி பார்த்துக் காதலைப் பிரித்ததும், பெண்ணை அடித்து உறவுக்காரனுக்குக் கட்டி வைத்ததும் அதே லயத்தில்தான் நடந்தன. இருந்தாலும் ஆணும் பெண்ணும் பலர் பார்க்க ஒரே இடத்தில் கூடிச் சிரிக்க முடிந்தது. பெண்பிள்ளை திடலுக்குப் போக யாரிடமும் பொய் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது ஆள்தேவை குறைந்தது. இன்று தோட்ட வேலையில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களே இருக்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் பெயர்ந்தன. பத்தாங் பெர்ஜுந்தை என்ற பட்டணம் 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. கோயிலைப் பலர் தங்களோடு கொண்டுவந்தார்கள். திடலைக் கொண்டுவர முடியவில்லை.

1996இல் அஸ்ட்ரோ ஒளிபரப்பு தொடங்கியது. நகைச்சுவை வீட்டுக்குள் வந்துவிட்டது. 2005இல் விஜய் தொலைக்காட்சி தொடங்கிய 'கலக்கப் போவது யாரு' போன்ற நிகழ்ச்சிகள், குரல் மாற்றிப் பேசும் சாதாரணப் பையனையும் மேடைக் கலைஞனாக்க முடியும் என்று காட்டின. சிவகார்த்திகேயன் அப்படி வந்தவர்தான். நடனத்திலும் அதே கதை. 'யுத்த மேடை', 'ஆட்டம் நூறு வகை' என்று அஸ்ட்ரோ நடத்திய போட்டிகள் உள்ளூர் நடனக் குழுக்களுக்குப் பெரிய ஆசையை ஊட்டின. ஆசை வந்துவிட்டது. பயிற்சிக்கு இடம்? கார் நிறுத்துமிடம், மூடிய கடையின் ஐந்தடி, யாராவது ஒருவர் வீட்டு முன்வாசல். பத்து மணிக்கு மேல் பாட்டு ஒலித்தால் அக்கம்பக்கத்தார் சத்தம் போடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள்.

உறுமி மேளம் மட்டும் எப்படியோ தப்பித்தது. கோயிலைச் சார்ந்திருந்ததால் அதற்குத் திருவிழா கிடைத்தது, பயிற்சிக்குக் கோயில் வளாகம் கிடைத்தது. ஆனால் பெரும்பாலும் பையன்களின் உலகம் அது. பள்ளியில் பரிசு வாங்கும் அளவுக்கு ஆடிய பெண், வயதுக்கு வந்தபின் வீட்டில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைத் திரையில் பார்ப்பாள். இந்தக் கதையில் அதிகம் இழந்தவள் அவள்தான்.

பையன்களிடம் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. 2011இல் ஈஜோக்கிலிருந்து டெம்ப்ளர் பூங்கா வரை லாத்தார் நெடுஞ்சாலை திறக்கப்பட்டபின் தலைநகர்ப் பக்கம் போவது எளிதாகிவிட்டது. பெண் வெளியே வர வேண்டுமென்றால் "டியூஷன்", "தோழி வீடு" என்று ஏதாவது சொல்ல வேண்டும். சந்திப்பு புக்கிட் மெலாவத்தி குன்றில், கலங்கரை விளக்கத்தின் அருகே, தின்பண்டம் பிடுங்கும் குரங்குகளின் நடுவே நடக்கும். இல்லையென்றால் கம்போங் குவாந்தான் ஆற்றோரம். அங்கே பெரெம்பாங் மரங்களில் ஆண் மின்மினிகள் ஒன்றுசேர்ந்து, ஒரே தாளத்தில் ஒளியை ஏற்றி அணைத்துத் துணையை அழைக்கின்றன. அவற்றுக்குக்கூடக் கூடுவதற்கென்று ஒரு மரம் இருக்கிறது.

ஒளிந்து நடக்கும் சந்திப்பு வீட்டுக்குத் தெரிந்ததும் அடி, பூட்டு, கைப்பேசி பறிப்பு. அதன் அடுத்த படி பல வேளைகளில் ஓடிப்போதல். ஏதோ ஒரு கோயிலில் தாலி கட்டி மாலை மாற்றிக்கொண்டு கல்யாணம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். சட்டம் அப்படி நினைப்பதில்லை. 1982 மார்ச் 1 முதல் நடப்பிலுள்ள 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டப்படி முஸ்லிம் அல்லாதாரின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். திருமண வயது 18. பதினாறு நிரம்பிய பெண்ணுக்கு மந்திரி பெசாரின் சிறப்பு அனுமதி தேவை. 21 வயது நிரம்பாதவர் என்றால் தந்தையின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், தந்தை இல்லையென்றால் தாயின் சம்மதம். அப்பாவிடமிருந்து ஓடியவர்கள் அதே அப்பாவின் கையெழுத்துக்கு எங்கே போவார்கள்? பதிவைத் தள்ளிப்போடுகிறார்கள்.

குழந்தை பிறக்கும்போதுதான் வலி தெரியும். பதிவில்லாத தம்பதியரின் குழந்தை, குடியுரிமைச் சட்டத்தின் கண்ணில் தாயைச் சார்ந்தது. தந்தையிடம் நீல அடையாள அட்டை இருந்தும், தாயிடம் முறையான ஆவணம் இல்லையென்றால் குழந்தையின் குடியுரிமை சிக்கலாகிவிடும். பள்ளிச் சேர்க்கை, மருத்துவம், பிற்காலத்தில் வேலை என்று வரிசையாகத் தொல்லை. 2011இல் இந்தியர்களுக்காக 'மைடஃப்தார்' என்ற பதிவு இயக்கம் நடத்தும் அளவுக்கு ஆவணப் பிரச்சினை பெரிதாக இருந்தது. அதற்கு வறுமை, அறியாமை, தொலைந்த பத்திரங்கள் எனப் பல காரணங்கள் உண்டு. பதிவில்லாத் தாலியும் அவற்றுள் ஒன்று.

மகளை ஆடவிடாத அப்பாவும், பாட்டுச் சத்தம் கேட்டால் மண்டபத்தைப் பூட்டும் பொறுப்பாளரும் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தோட்டத்துத் திடல் திரும்பி வராது. பாலாய் ராயா இருக்கிறது, தமிழ்ப்பள்ளி மண்டபம் இருக்கிறது, கோயில் மண்டபம் இருக்கிறது. ஞாயிறு பிற்பகல் மூன்று மணி முதல் ஆறு மணி வரை அவற்றில் ஒன்றைத் திறந்துவிட்டு, ஓர் ஒலிபெருக்கியும் இரண்டு பெரியவர்களும் இருந்தால் நகைச்சுவை மேடையும் நடனப் பயிற்சியும் நடத்திவிடலாம். பையன்களுக்கு மட்டும் என்றில்லாமல் பெண்களும் வரும்படி, வீடு திரும்ப வண்டி ஏற்பாட்டோடு. திருமணப் பதிவுக்குக்கூட அதே கோயிலைப் பயன்படுத்த முடியும். வழிபாட்டுத் தலங்களில் துணைப் பதிவதிகாரிகளை நியமிக்க அந்த 1976ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. ஆலய நிர்வாகம்தான் விண்ணப்பிக்க முன்வர வேண்டும்.